சுவிட்சைப் பிரேக் வழியாகக் கொண்டு போ

பாளையங்கோட்டை,
ஆடி 12

அன்புள்ள மாப்ளே,

ஆனித் தேருக்கு வருகிறேன் என்றாய், வரவில்லை. நானும் நாலு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. கணக்கு நேர். இங்கே எல்லாரும் சுகம். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அண்ணாச்சி அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பானரை இன்னும் தேடுகிறார். நீதான் கொண்டுபோனாய் என்று இனியாவது ஒத்துக்கொள்.

சரி, உன் கமாரோ காரில் லாக்கப்புக்கு, அதாவது இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் மூலம் இணைக்கிற கன்வெர்ட்டரை வழுக்காமல் பூட்டும் கிளட்சுக்கு, தனி சுவிட்ச் வைக்கப் போவதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. பாதி சந்தோஷம், பாதி பயம். போன மாதம்தான் எஸ்டேட் வீட்டு வண்டியில் நானும் அதையே மாட்டினேன். உன்னுடையதைப் போலவே 700ஆர்4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். முன்பு வைத்திருந்தவர், இன்ஜினை 3000 ஆர்பிஎம் வரை ஏறவிட்டுப் பிடிக்கிற ஸ்டால் கன்வெர்ட்டர் போட்டிருக்கிறார். எடுப்பு அபாரம்! ஆனால் ரோட்டில் ஒரே சீராகப் போகும்போதும் வழுக்கிக்கொண்டே இருக்கும். வழுக்குவதெல்லாம் சூடாகி ஆயிலில்தானே இறங்கும்?

வள்ளியூர் தாண்டி ஓட்டிப் பார்த்தேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நேர் எதிரே. காற்றாலைகள் எல்லாம் நிற்காமல் சுற்றுகின்றன. நாலாம் கியர், 100 கிலோமீட்டர் வேகம், ஆர்பிஎம் முள் 2250இல். சுவிட்சைத் தட்டினேன். ஒரு கணம் ஒன்றும் இல்லை. அப்புறம் இன்னொரு கியர் விழுந்த மாதிரி மெல்ல ஓர் இழுப்பு, முள் 1850க்கு இறங்கி அங்கேயே நின்றது. ஆக்ஸிலரேட்டரில் கால் அசையவில்லை மாப்ளே! பணகுடியில் 110 டிகிரி காட்டிய ஆயில் சூடு காவல்கிணறு வருவதற்குள் 95க்கு வந்துவிட்டது. அமெரிக்காவின் பேக்கார்டு கார் கம்பெனிக்காரன் 1949இலேயே அல்ட்ராமேட்டிக் என்ற தன் கியர்பாக்ஸில் இந்த லாக்கப் கிளட்சை வைத்துவிட்டான் என்று நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படி. முதல் ஓட்டம்தானே என்று பேட்டரியிலிருந்து பியூஸ், சுவிட்ச், லாக்கைப் போடும் மின்வால்வான சொலினாய்டு என்று நேராக ஒயர் இழுத்திருந்தேன். திரும்பும்போது நாங்குநேரி டோல்கேட்டுக்கு முன்னால் லாரி ஒன்று சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். லாக் விடவில்லை. வண்டி இரண்டு முறை உதறியது, இன்ஜின் அணைந்துவிட்டது. ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. பூஸ்டரில் மிச்சமிருந்த வாக்குவத்தில் முதல் மிதி பிடித்தது, இரண்டாவது மிதிக்குப் பெடல் கட்டை. லாரியின் பின்பலகைக்கும் பானெட்டுக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். இறங்கி நின்றபோது முழங்கால் நடுங்கியது.

உன் மகன் இப்போதுதான் லைசென்ஸ் எடுத்திருக்கிறான். அவன் ஓட்டப்போகிற வண்டி அது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

கம்பெனிக்காரன் லாக்கப்புக்குப் போகும் கரண்டைப் பிரேக் பெடல் சுவிட்ச் வழியாகக் கொண்டுபோனது சும்மா இல்லை. பெடலைத் தொட்டதும் லாக் விட்டுவிடும். உன் வண்டியில் யாராவது அதைக் கழற்றிப் போட்டிருந்தால் திரும்ப மாட்டு. பிரேக் லைட்டிலிருந்து ரிலே எடுக்கிறேன் என்பாய், உன்னை எனக்குத் தெரியாதா? வேண்டாம். லைட் பியூஸ் போனால் லாக் விடாது. மிதித்தால் கரண்டை அறுக்கிற சுவிட்ச்தான் வேண்டும். அந்தச் சுவிட்சுக்குப் பிறகு, லாக்குக்குக் கரண்ட் போகும்போது எரிகிற மாதிரி டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு வை.

இன்னொன்று, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு சுவிட்சைத் தட்டாதே. கம்பெனி கன்வெர்ட்டரில் இருப்பது ஒற்றைப் பிளேட். அது கருகினால் தூள், கியர் மாற்றும் ஆயிலை நடத்துகிற வால்வ் பாடிக்குள் போய்ப் பாக்ஸே போச்சு. ரேஸுக்குத்தான் வேண்டுமென்றால் பல பிளேட் வைத்த கன்வெர்ட்டர் வாங்கு. அதிலும் டாப் கியரில், ஓட்டத்தின் கடைசியில்தான் போட வேண்டும். லாக் விழுந்து, இன்ஜின் பலம் கொடுக்கும் அளவுக்குக் கீழே ஆர்பிஎம் இறங்கினால் ரேஸ் நேரம் கூடத்தான் செய்யும்.

மகனிடம் சாவியைக் கொடுக்கும் முன், ஆள் இல்லாத ரோட்டில் லாக்கைப் போட்டுவிட்டுப் பிரேக்கை லேசாகத் தொட்டுப் பார். சிவப்பு விளக்கு அணைய வேண்டும். அணைந்ததும் எனக்கு ஒரு வரி எழுது. அது வரும்வரை எனக்கு நிம்மதி இல்லை.

அன்புடன்,
உன் மாப்ளே