ஐ-20ல இருக்குற அந்த ஆறு நம்பர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

தண்டையார்பேட்டையில ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வச்சிருக்கேன், பதினஞ்சு வருஷமாச்சு. உங்க பேப்பர் தினம் கடைக்கு வருது. போன ஞாயித்துக்கிழம கல்வி இணைப்புல அமெரிக்கா மேற்படிப்பு பத்தி ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க, அதப் படிச்சிட்டுதான் இத டைப் பண்றேன், நடுவுல கஸ்டமர் வந்துனே இருக்காங்க, தப்பு இருந்தா மன்னிச்சிக்கோங்க. ரேங்கிங் டேபிள் போட்டிருந்தீங்க, ஜிஆர்இங்குற நுழைவுத் தேர்வு மார்க்கு போட்டிருந்தீங்க, எஸ்ஓபி, அதாவது ஏன் படிக்க வரேன்னு காலேஜுக்கு எழுதுற கட்டுரை, அத எப்பிடி எழுதணும்னு போட்டிருந்தீங்க, கீழ அரைப் பக்கத்துக்கு ஒரு கன்சல்டன்சி விளம்பரம். ஆனா எங்க ஏரியாலருந்து கடன் வாங்கிகினு போற பசங்க எதுக்குப் போறாங்களோ அதப் பத்தி ஒரு வரி இல்ல சார். வேலைக்குதான் போறாங்க. விசா கவுன்ட்டர்ல அப்பிடி சொல்லமாட்டாங்க, வீட்டுல எல்லாருக்கும் தெரியும்.

ஐ-20னு ஒரு பேப்பர், காலேஜ் அனுப்புறது, அது இருந்தாதான் எஃப்-1ங்குற மாணவர் விசாவுக்கே போவ முடியும். இப்பல்லாம் மெயில்ல பிடிஎஃப்பா வருது, கலர்ல எடுத்துக் குடுங்கணான்னு வருவாங்க. ஒருத்தன் லேமினேஷன் போட்டுக் குடுங்கன்னான், டேய் அதுல நீ கையெழுத்து போடணும், ஊருக்கு வந்துட்டு திரும்பிப் போறதுக்கு ரெண்டாம் பக்கத்துல காலேஜ்காரன் கையெழுத்து போடணும், லேமினேஷன் மேல போடுவானான்னு திருப்பி அனுப்பினேன். அந்தப் பேப்பர்ல மொதப் பக்கத்துலயே மேஜர்னு ஒரு கட்டம் இருக்கும், கோர்ஸ் பேரு, பக்கத்துல ஆறு நம்பர், ரெண்டு நம்பர் கழிச்சி ஒரு புள்ளி. அதுக்குப் பேரு சிஐபி கோடு. 2021 நவம்பர்ல என் கூடப்பொறந்த தம்பியோட ஐ-20ய நான்தான் பிரின்ட் எடுத்தேன், ரெண்டு காப்பி, இந்தக் கையாலதான். அந்த நம்பர் 52.0201. எனக்கு அன்னிக்கி அது ஏதோ பின்கோடு மாதிரிதான் தெரிஞ்சிது.

தம்பி மெக்கானிக்கல் முடிச்சிட்டு அம்பத்தூர் எஸ்டேட்ல ரெண்டு வருஷம் வேல பார்த்தான். கன்சல்டன்சில, மேனேஜ்மென்ட்ல எம்எஸ் இருக்கு, ஜிஆர்இ வேணாம், ஜனவரி சீட் இருக்கு, பதினாறு மாசத்துல முடிஞ்சிரும், செலவு கம்மினு சொன்னாங்க. கன்சல்டன்சிக்கு நாம காசு குடுக்கலன்னு நைனாக்கு ஒரே சந்தோஷம். சில காலேஜுங்க ஆள் சேத்துவிடுறவனுக்கு கமிஷன் குடுக்கும்னு அப்ப தெரியாது. நாம காசு குடுக்கலன்னா வேற யாரோ குடுக்குறான்னு அர்த்தம், மார்க்கெட்ல மீன் வாங்குறவனுக்கே தெரியுற விஷயம், எங்களுக்கு புரியல.

இப்ப அந்த ஆறு நம்பருக்கு வரேன். படிப்பு முடிஞ்சதும் அங்க வேல பாக்குறதுக்கு ஓபிடினு 12 மாசம் குடுப்பாங்க. கோர்ஸ் ஸ்டெம் லிஸ்ட்ல, அதாவது சயின்ஸ், டெக்னாலஜி, இன்ஜினியரிங், மேக்ஸ் படிப்புங்க லிஸ்ட்ல இருந்தா இன்னொரு 24 மாசம், ஆக மொத்தம் மூணு வருஷம். ஸ்டெம்மா இல்லையான்னு முடிவு பண்றது கோர்ஸோட பேரு இல்ல, காலேஜோட பேரும் இல்ல, அந்த கோடு. 52.0201 பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன், லிஸ்ட்ல கெடையாது. 52.1301 மேனேஜ்மென்ட் சயின்ஸ், லிஸ்ட்ல இருக்கு. எகனாமிக்ஸ்லயும் அதே கததான், 45.0601னா இல்ல, 45.0603னா இருக்கு. ஒரே பில்டிங்ல, ஒரே வாத்தியார்கிட்ட, முக்காவாசி ஒரே பாடம் படிச்சிட்டு ஒருத்தன் மூணு வருஷம் இருப்பான், இன்னொருத்தன் ஒரு வருஷத்துல மூட்ட கட்டுவான்.

அந்த மூணு வருஷத்துல அப்பிடி இன்னா இருக்குன்னா, எச்1பிங்குற வேலை விசாவுக்கு லாட்டரிதான், அதுக்கு கம்பெனி நம்ம பேர் குடுக்குறது வருஷத்துல ஒரு தடவதான், மார்ச் மாசம். பொதுவுல 65,000 சீட்டு, அமெரிக்காவுல மாஸ்டர்ஸ் படிச்சவங்களுக்கு தனியா 20,000. அந்த 20,000லயும் ஒரு கண்டிஷன், நீ படிச்சது அரசு காலேஜா இல்ல லாப நோக்கமில்லாத காலேஜா இருக்கணும், அங்கீகாரமும் இருக்கணும், லாபத்துக்கு நடத்துற காலேஜ்னா அந்த வரிசையில நிக்க முடியாது. மூணு வருஷம்னா மூணு மார்ச்சு. என் தம்பிக்கு ஒரே ஒரு மார்ச்சு. 2023 மே மாசம் முடிச்சான், ஜூன்லருந்து ஓபிடி, அதுல வேல இல்லாம 90 நாளுக்கு மேல இருக்கக்கூடாது, 68ஆவது நாள் ஒரு குடோன் ஆபீஸ்ல கணக்கு பாக்குற வேல கெடச்சிது. அந்த 68 நாளும் எங்க வீட்டுல அம்மா காலண்டர்ல கோடு போட்டுகினு இருந்தாங்க. அடுத்த மார்ச்ல எச்1பிக்கு பேர் குடுப்பீங்களான்னு மேனேஜர கேட்டான், எங்க கம்பெனில அந்தப் பழக்கமே இல்லப்பான்னு சொல்லிட்டாரு. நல்ல மனுஷன்தான், தீபாவளிக்கு வீட்டுக்குக் கூப்ட்டு சாப்பாடு போட்டவரு. ஆக, இருந்த ஒரு லாட்டரியிலயும் இவன் பேரு குடத்துக்குள்ளயே விழல. 2024 ஆகஸ்ட்ல திரும்பி வந்துட்டான்.

பேங்க்ல ஏழரை லட்சத்துக்கு மேல எஜுகேஷன் லோன்னா பொதுவா சொத்து ஜாமீன் கேக்குறாங்க. எங்களுது குடிசை மாற்று வாரிய வீடு, கிரயப் பத்திரம் இன்னும் கைக்கு வரல, எங்க பக்கம் நெறைய பேருக்கு இதே கததான். அதனால தனியார் ஃபைனான்ஸ்லதான் வாங்குனோம், 32 லட்சம், பன்னெண்டரை பர்சன்ட், மாசம் வட்டி மட்டும் 33,000 சொச்சம். டாலர்ல சம்பளம் வந்தா இது ஒரு விஷயமே இல்ல. இப்ப அவன் ஒரகடத்துல வாங்குற சம்பளத்துல வட்டி போக பஸ்ஸுக்குதான் மிஞ்சுது.

இன்னொன்னு, இதத்தான் யாருமே சொல்லமாட்றாங்க. ஜனவரி சீட். அங்க ஆளு எடுக்குற பெரிய வழியே கோடைக்கால இன்டர்ன்ஷிப்புதான், மே மாசத்துலருந்து ஆகஸ்ட் வரைக்கும் வச்சிப் பாப்பான், புடிச்சிருந்தா அங்கயே வேல குடுத்துருவான். வெளிநாட்டுப் பசங்க அந்த இன்டர்ன்ஷிப்புக்கு சிபிடி, அதாவது படிக்கிறப்பவே வேல பாக்குற அனுமதி வாங்கணும், அதுக்கு பொதுவா ஒரு முழு கல்வியாண்டு, அதாவது ரெண்டு செமஸ்டர் முடிச்சிருக்கணும். ஆகஸ்ட்ல சேர்ந்தவனுக்கு அடுத்த மே மாசம் கரெக்டா ரெண்டு செமஸ்டர் முடிஞ்சிரும். ஜனவரியில சேர்ந்தவனுக்கு ஒண்ணுதான் முடிஞ்சிருக்கும், அந்த சம்மர் போச்சு. கோர்ஸ் பதினாறு மாசம்னா அடுத்த சம்மர் வர்றப்ப படிப்பே முடிஞ்சிருக்கும், அதுவும் போச்சு. என் தம்பி அங்க ஒரு இன்டர்ன்ஷிப் கூட பண்ணல, சோம்பேறித்தனம் இல்ல சார், அவன் சேர்ந்த மாசம் அப்பிடி. சீக்கிரம் முடியுது, செலவு கம்மினு சொன்னாங்களே, அந்த சீக்கிரந்தான் ஆள கவுத்துச்சு.

இதுக்கு மருந்துன்னு, சேர்ந்த மொத நாள்லருந்தே சிபிடி தரோம், க்ளாசுக்கு வரவே வேணாம்னு ஆள் புடிக்கிற எடமும் இருக்கு. 2019ல மிச்சிகன்ல ஃபார்மிங்டன் யுனிவர்சிட்டினு ஒண்ணு மாட்டுச்சே, வாத்தியார் கெடையாது, க்ளாஸ் கெடையாது, அத நடத்துனதே அமெரிக்க குடியேற்ற அதிகாரிங்கதான், பொறி வச்சிப் புடிச்சாங்க, சிக்குனதுல பெரும்பாலும் இந்தியப் பசங்க.

கொருக்குப்பேட்டையில ஒரு பொண்ணு, அவங்கப்பா ஹார்பர்ல லாரி ஓட்டுறாரு. என் கடையில வந்து மணிக்கணக்கா உக்காந்திருக்கும். அது காலேஜ் லிஸ்ட்டுலருந்து ஆரம்பிக்கல, கம்பெனி லிஸ்ட்டுலருந்து ஆரம்பிச்சிது. எந்தக் கம்பெனிக்கு எத்தன எச்1பி அப்ரூவ் ஆச்சு, எந்த ஊருன்னு அமெரிக்க அரசாங்கமே எச்1பி எம்ப்ளாயர் டேட்டா ஹப்னு வெப்சைட்ல ஓசியில போட்டிருக்கு, அத எறக்கி எக்செல்ல ஊர்வாரியா பிரிச்சிது, எந்த ஊருல நெறைய விழுதோ அந்த ஊரச் சுத்தி எந்த காலேஜ்னு பாத்துச்சு. ரேங்க்ல மேல இருந்த ஒரு எடத்துல சீட் கெடச்சிது, சுத்தி சோளக்காடு, பெரிய ஊருக்கு பஸ்ல மூணு மணி நேரம். வேணாம்னு சொல்லிட்டு டல்லாஸ் பக்கத்துல ஒரு அரசு யுனிவர்சிட்டிய எடுத்துச்சு, பிசினஸ் அனலிடிக்ஸ். ரேங்க விட்டுட்டியேம்மான்னு நான் கேட்டேன், அண்ணா வேல தர்றவன் சோளக்காட்டுக்கா வருவான்னு கேட்டுச்சு. பணம் கட்டுறதுக்கு முன்னாடியே காலேஜுக்கு மெயில் போட்டு சிஐபி கோடு என்ன, போன வருஷம் முடிச்ச வெளிநாட்டுப் பசங்கள்ள எத்தன பேருக்கு வேல கெடச்சிது, எந்தக் கம்பெனின்னு கேட்டுச்சு. கவனிங்க, வெளிநாட்டுப் பசங்க. எல்லாரையும் சேத்து 90 பர்சன்ட் பிளேஸ்மென்ட்னு போடுவான், அதுல பாதி அந்த ஊர்க்காரன், அவனுக்கு விசாவே வேணாம். வேலைக்கு அப்ளை பண்ற ஃபாரத்துல, இப்பவோ இனிமேலோ உனக்கு ஸ்பான்சர்ஷிப், அதாவது கம்பெனி உன் விசாவுக்கு அப்ளை பண்ணணுமான்னு ஒரு கேள்வி வரும், ஆமான்னு டிக் பண்ணாலே பாதி எடத்துல கத முடிஞ்சிது. அந்த ஆமான்னு டிக் பண்ணவங்களோட கணக்குதான் நமக்கு வேணும்.

அந்தப் பொண்ணுக்கு ரெண்டு மார்ச்சும் லாட்டரி விழல, அதையும் சொல்லிடுறேன், இல்லன்னா விளம்பரம் மாதிரி ஆயிரும். ஆனா ஸ்டெம்ல இருக்கு, கம்பெனி இ-வெரிஃபைல, அதாவது வேலைக்கு சேர்றவங்களுக்கு அனுமதி இருக்கான்னு சரிபாக்குற அமெரிக்க அரசாங்க சிஸ்டத்துல, பதிவு பண்ண கம்பெனி, அது இல்லன்னா அந்த 24 மாசம் கெடைக்காது, அதையும் சேரும்போதே பாத்து சேர்ந்துச்சு. கடன் பாதிக்கு மேல அடைச்சாச்சு.

எர்ணாவூர்ல ஒரு பையன் ஏரோஸ்பேஸ்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். ராக்கெட்டு, ராணுவ விமானம் பண்ற கம்பெனிங்க, அந்த நாட்டு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு சட்டத்தால, பெரும்பாலும் சிட்டிசனையும் கிரீன்கார்டு இருக்கறவங்களையுந்தான் எடுப்பாங்க. படிக்க சீட்டு குடுப்பான், வேலைக்கு கேட்டாண்ட விடமாட்டான். பிஎச்டி, ஃபண்டிங்கோட கெடச்சா அது வேற கணக்கு, போகட்டும். கடன் வாங்கி மாஸ்டர்ஸ்னா மெக்கானிக்கல்ல போ, கன்ட்ரோல்ஸ் படின்னு சொல்லிப் பாத்தேன், மூஞ்சத் தூக்கி வச்சிகினு போயிட்டான்.

2025 செப்டம்பர்ல போட்ட உத்தரவால வெளிநாட்டுலருந்து புதுசா எச்1பியில ஆள் எடுக்கணும்னா கம்பெனி ஒரு லட்சம் டாலர் கட்டணும்னு ஆயிருச்சு. அங்கயே படிச்சிட்டு எஃப்-1லருந்து மாறுறவங்களுக்கு அது இல்லன்னு அடுத்த மாசமே விளக்கம் குடுத்தாங்க. ஆக அங்க இருக்குறப்பவே மாறிக்கணும், ஊருக்கு வந்துட்டு, அப்பறம் பாத்துக்கலாம்னா அவ்ளோதான். என் தம்பி இன்னும் அங்க இருக்குற ஃப்ரெண்டுங்ககிட்ட வேலைக்கு சொல்லி வச்சிகினுதான் இருக்கான், ஒரு லட்சம் டாலர் கட்டி இவன யாரு கூப்புடுவான்னு எனக்குத் தெரியும், நான் அவன்கிட்ட சொல்லல.

அடுத்த தடவ அந்த டேபிள் போடும்போது ரேங்க் பக்கத்துல இன்னும் நாலு கட்டம் போடுங்க சார். சிஐபி கோடு, அரசு காலேஜா லாபக் காலேஜா, எந்த மாசம் சேரணும், எந்த ஊரு. விளம்பரக்காரங்களுக்கு கஷ்டமாத்தான் இருக்கும். லெட்டர் நீளமாயிருச்சு, எடம் பத்தலன்னா ஏரோஸ்பேஸ் பையன் கதைய வெட்டிருங்க, அவன் எப்பிடியும் படிக்கமாட்டான். ஜனவரி சீட் விஷயத்த மட்டும் வெட்டாதீங்க, கடையில ரெண்டு பேரு அந்த ஃபாரத்த இப்பவே ஃபில்லப் பண்ணிகினு உக்காந்திருக்காங்க.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
தண்டையார்பேட்டை, சென்னை