செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, புதிதாகச் சேர்ந்துள்ள தம்பி தங்கையரே, அனைவருக்கும் வணக்கம்.

சேர்வராயன் மலையிலும் கஞ்சமலையிலும் நம் மலையேற்றக் குழுவின் மாதாந்திர நடைகள் தடையின்றி நடந்தன. வனத்துறை அனுமதியில்லாத தடத்தில் நாம் கால் வைப்பதில்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீக்குப் பிறகு எடுத்த அந்த முடிவு இவ்வாண்டும் மீறப்படவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல வேண்டியது, பாதியில் திரும்பிய இமயமலை ரூபின் கணவாய்ப் பயணம் பற்றி. அது குறித்துச் சிலருக்கு இன்னும் மனத்தாங்கல் இருப்பதை அறிவேன்.

சேலத்தில் அக்னி நட்சத்திரம் கொளுத்தும் மே மாதம்தான் அங்கே பனி உருகும் வசந்தம். உத்தரகண்டில் ஏறி இமாச்சலத்தின் சாங்லாவில் இறங்கும் வழி. கணவாயின் உயரம் 4,650 மீட்டர். உச்சிக்குச் சற்றுக் கீழே, பனி நிறைந்த செங்குத்தான இடுக்கு ஒன்றில் ஏறியாக வேண்டும். முதல் நாள் இரவு முழுவதும் மேகமூட்டம். விடியுமுன் புறப்பட்டபோது, பாறைபோல் இறுகியிருக்க வேண்டிய பனியில் முழங்கால் வரை புதைந்தது. வழிகாட்டி ஊன்றுகோலைக் குத்திப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். திரும்பலாம் என்று நான் சொன்னேன். விடுப்பும் பணமும் வீணாயின என்ற வருத்தம் நியாயமானது. ஆனாலும் அந்த முடிவில் எனக்குத் துளியும் ஐயமில்லை.

காரணத்தைச் சொல்கிறேன். தெளிந்த வானமுள்ள இரவில் பனி தன் வெப்பத்தை இழந்து உறைகிறது. மேகம் போர்வைபோல் மூடினால் அது நடப்பதில்லை. பகலில் உருகிய நீர் உள்ளே கசிந்து அடுக்குகளின் பிடிப்பைத் தளர்த்துகிறது. அதன் மீது காலை வெயிலும் விழுந்தால் ஈரப்பனி சரிந்து இறங்கும். மேலிருந்து பனி உருண்டைகள் தாமாக உருண்டு வருவது அதன் முன்னறிவிப்பு. ஆகவே அதிகாலையில் ஏறி, வெயில் ஏறுமுன் ஆபத்தான இடத்தைக் கடந்துவிட வேண்டும். இரவில் உறையவில்லை என்றால் ஏறவே கூடாது. பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 பாகை வரையான சாய்வுகளில்தான் நிகழ்கின்றன. ஏற்காட்டுக் காபித் தோட்டச் சாய்வுகளைக் கோணமானி கொண்டு அளந்து பழகினோம்; கண் சொன்னதும் கருவி சொன்னதும் ஒத்துப்போகவில்லை.

2022 அக்டோபரில் உத்தரகண்டின் திரௌபதி கா தண்டா சிகரத்துப் பனிச்சரிவில் பயிற்சி பெற்ற கைகளும் பனிக்குள் போயின. 2023 ஏப்ரலில் சிக்கிமின் நாதுலா சாலையில் பனிச்சரிவில் இறந்த ஏழு பேரும் சுற்றுலாப் பயணிகள். அனுபவம் உள்ளவர், இல்லாதவர் என்று பனி பார்ப்பதில்லை.

புதைந்தவர் பெரும்பாலும் மூச்சுத் திணறியே இறக்கிறார். முதல் பத்து, பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அரை மணி கடந்தால் நம்பிக்கை சரிந்துவிடும். ஹெலிகாப்டர் வரும்வரை காத்திருக்க முடியாது, பக்கத்தில் நிற்கும் தோழர்தான் மீட்புப் படை. அதற்காகத்தான் ஒவ்வொருவரிடமும், புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, துழாவும் கம்பி, மண்வாரி மூன்றும் இருக்க வேண்டும் என்கிறேன். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டால் பெரிய பயனில்லை. ஆபத்தான சாய்வை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே கடப்பதும், மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று அவர்மீது கண் வைத்திருப்பதும் இதே காரணத்தால்தான்.

ஊர் திரும்பியபின், வாடகைக்குத் தருவித்த கருவிகளோடு வறண்ட ஏரியின் மணலில் மூட்டையைப் புதைத்துத் தேடினோம். முதல் முறை 22 நிமிடம் ஆயிற்று. யாரும் பேசவில்லை. ஐந்தாம் முறை 9 நிமிடம். மணல் இலகுவானது, சரிந்து நின்ற பனியோ சிமெண்டாக இறுகிவிடும் என்பதைப் பயிற்சிக்கு வந்த எல்லோரிடமும் சொன்னேன்.

அடுத்த மே மாதம் மீண்டும் ரூபின் செல்ல விரும்புகிறோம். ஆறு முறையேனும் மணல் பயிற்சிக்கு வந்தவர் மட்டும் பெயர் தரலாம் என்றும், திரும்பலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னாலும் அனைவரும் திரும்புவது என்றும் இரண்டு தீர்மானங்களை முன்மொழிகிறேன். பொதுக்குழு ஒப்புதல் அளிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.