ஆசிட் தொட்டிக்கு அடுத்த தொட்டி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் இரும்புக்குப் பெயிண்ட் அடிப்பது பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ஆசிட்டில் முக்கி எடுத்த இரும்பில் பெயிண்ட் நிற்காது, சில மாதத்திலேயே கொப்புளம் விடும், அதனால் அந்த முறையே வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். கொப்புளம் விடுவது உண்மைதான். நான் பார்த்திருக்கிறேன், ஓரிரு தடவை அதற்கு நானே காரணமாகவும் இருந்திருக்கிறேன். ஆனால் 27 வருடம் பிக்கிளிங் தொட்டி, அதாவது இரும்பை முக்கிச் சுத்தம் செய்யும் ஆசிட் தொட்டி, ஓரத்தில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், பழி தப்பான தொட்டியின் மேல் விழுந்திருக்கிறது.

இரும்பை ஏன் ஆசிட்டில் இறக்குகிறோம் என்பதையே கட்டுரை விட்டுவிட்டது. துருவை எடுக்க என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். துரு பெரிய விஷயமே இல்லை. ஆலையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் பழுக்கக் காய்ச்சி உருட்டிய தகடு காற்றில் ஆறும்போது, நீலம் கலந்த கருப்பில் மேலே ஒரு தோல் படியும். மில் ஸ்கேல் என்போம். தொழிலுக்குப் புதிதாக வரும் பையன்கள் அதைக் கம்பெனியே பூசி அனுப்பிய பூச்சு என்று நினைத்துக்கொள்வார்கள். அவ்வளவு வழவழப்பு. அதன் மேலேயே பெயிண்ட் அடித்தாலும் கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் வெயிலிலும் குளிரிலும் தோல் வெடித்து, ஈரம் உள்ளே இறங்கும். இறங்கியதும் அங்கே ஒரு சின்ன பேட்டரி உண்டாகிவிடுகிறது. ஸ்கேல் ஒரு முனை, வெடிப்புக்குள் தெரியும் வெறும் இரும்பு இன்னொரு முனை. அரிப்பு முழுக்க அந்த மயிரிழை இடத்தில் குவிவதால்தான் தகட்டில் குழி குழியாக விழுகிறது. வயர் பிரஷ் போட்டால் இந்தத் தோல் பளபளக்குமே தவிர போகாது. துகள் அடித்து உடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆசிட்டில் இறக்க வேண்டும்.

ஹைட்ரோகுளோரிக் என்றால் 10 முதல் 15 சதவீதம் போதும், சூடு தேவையில்லை. ஸ்கேலை நேராகக் கரைத்துவிடும். சல்ஃப்யூரிக்குக்கு 60, 70 டிகிரி சூடு வேண்டும். அது வெடிப்பு வழியாக அடியில் புகுந்து, கிளம்பும் ஹைட்ரஜன் குமிழிகளால் தோலைச் செதில் செதிலாகத் தூக்கிப் போடும். இரும்பையே தின்றுவிடாமல் இருக்கக் கொஞ்சம் இன்ஹிபிட்டர் கலப்போம். ஆசிட் எல்லாவற்றையும் கரைக்கும் என்று கட்டுரையில் இருந்தது, அது சரியில்லை. எண்ணெய், கிரீஸ், பெயிண்ட் எதையும் அது தொடாது. உத்தரத்தில் பெயிண்டால் எழுதிய எண், அரை மணி நேரம் ஊறி வெளியே வந்த பிறகும் சுற்றிலும் சாம்பல் நிறமாக வெளுத்திருக்க, தான் மட்டும் அப்படியே நிற்கும். வாசித்தே விடலாம். அவற்றைப் போக்கத்தான் ஆசிட்டுக்கு முன்னால் காரக் (ஆல்கலி) கரைசலில் ஒரு முக்கு.

சரி, கொப்புளத்துக்கு வருகிறேன். ஆசிட் தொட்டிக்கு அடுத்து இருப்பது தண்ணீர்த் தொட்டி. இரும்பு வெளியே வரும்போது மேலெல்லாம் ஆசிட்டும், கரைந்த இரும்பின் உப்பும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கழுவத்தான் அந்தத் தொட்டி. காலையில் நல்ல தண்ணீராக இருந்தது, பத்து லோடு முக்கியதும் அதுவே நீர்த்த ஆசிட்டாகிவிடும். தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது இரண்டாவதாக ஒரு தொட்டி வைக்க வேண்டும். இரண்டுக்கும் செலவு. மிச்சம் பிடிக்க நினைக்கிறவர்கள் எப்போதும் கை வைப்பது இங்கேதான். அப்படிக் கழுவாமல் விட்ட உப்பின் மேல் பெயிண்ட் போனால், பெயிண்ட் வழியாக மெல்லக் கசியும் ஈரத்தை அந்த உப்பு இழுத்து இழுத்துச் சேர்க்கும். அதுதான் கொப்புளம். ஒன்றை ஊசியால் குத்தி, வந்த நீரில் லிட்மஸ் காகிதத்தை வைத்தேன், நீலம் சிவந்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு லோடும் வெளியே வந்ததும், வடியும் சொட்டைக் காகிதத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் அடுத்த இடத்துக்கு விடுவேன்.

காகிதமும் ஏமாற்றும். ஒரு முறை இரண்டு தகடுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்து, விட்டு விட்டு வெல்டு அடித்த சட்டங்கள் வந்தன. வெளிப்பக்கச் சொட்டு சுத்தமாக இருந்தது, அனுமதித்துக் கையெழுத்துப் போட்டேன். ஆறு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால், ஒவ்வொரு வெல்டு இடைவெளியிலிருந்தும் வெள்ளைப் பெயிண்டின் மேல் பழுப்புக் கோடு இறங்கியிருந்தது. இரும்பு அழுகிறது என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். இடுக்குக்குள் ஆசிட் புகுந்த வழியே தண்ணீர் புகவில்லை. அந்த மாதிரி சட்டத்தை நான் எடுத்திருக்கவே கூடாது. வரைபடம் போடுகிறவர்களும் இதை யோசிக்க வேண்டும். சந்து இருந்தால் முழுக்க வெல்டு வைத்து அடைக்கச் சொல்லலாம். ஆனால் அதே பொருள் 450 டிகிரி துத்தநாகக் குளியலுக்குப் போகிறதென்றால், உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் வெடிக்கும், அதற்குத் துளை விட்டே ஆக வேண்டும்.

கழுவிய பிறகும் நேரம் விரட்டும். ஈரத்தோடு நிற்கும் சுத்தமான இரும்பு சில நிமிடங்களில் மஞ்சள் பூத்துவிடும். இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு, ஃபுட்னர் முறை. சல்ஃப்யூரிக்கில் ஊறி, சூடான தண்ணீரில் கழுவி, கடைசியாக 2 சதவீத பாஸ்பாரிக் ஆசிட்டில் 80 டிகிரியில் சில நிமிடம். அதன்பின் கழுவல் கிடையாது. தகடு தன் சூட்டிலேயே உலர்ந்து, விரலால் தேய்த்தால் மென்மையாகப் படும் ஒரு சாம்பல் படலத்தோடு நிற்கும். அந்தச் சூடு ஆறுவதற்குள் பிரைமர், அதாவது முதல் பூச்சு. நான் பார்த்ததிலேயே பெயிண்ட் ஒட்டிக்கொண்டு பிடிவாதம் பிடித்தது அந்தத் தகடுகளில்தான்.

கட்டுரையாளர் சொன்னதில் சரியானவையும் உண்டு. கனமான எபாக்சிப் பூச்சு பிடித்து நிற்கச் சொரசொரப்பு வேண்டும், அதை ஆசிட் தராது, துகள் அடிக்கும் ப்ளாஸ்டிங்தான் தரும். ஆனாலும் முறையே தவறு என்றால், இரும்புக்குப் பெயிண்ட் அடிப்பதற்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 12944-இல் ஆசிட் பிக்கிளிங்குக்கு 'பிஇ' என்று தனிக் குறியீடும், அமெரிக்கத் தரநிலையில் எஸ்பி 8 என்று தனி எண்ணும் எதற்கு? உறுதி மிகுந்த 12.9 ரக போல்ட்டுகளை மட்டும் நான் ஆசிட்டுக்குப் பக்கத்திலேயே விட மாட்டேன். ஆசிட்டில் கிளம்பும் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து உட்கார்ந்து, போல்ட்டை உடையும்படி ஆக்கிவிடும். மாலையில் முறுக்கி வைத்த ஒன்றின் தலை, மறுநாள் காலையில் யாரும் தொடாமலேயே தரையில் கிடந்தது.

கழிவு ஆசிட் பற்றிக் கட்டுரை பேசவே இல்லை. கோபப்பட வேண்டியது அதற்குத்தான். லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேல் இரும்பு ஏறி மந்தமான ஆசிட்டைச் சுண்ணாம்பு போட்டு முறிக்காமல் வாய்க்காலில் விடுகிறவர்களை எனக்குத் தெரியும். பெரிய ஆலைகள் அதை வறுத்து ஆசிட்டைத் திரும்ப எடுக்கின்றன; மிஞ்சும் இரும்பு ஆக்சைடு ஃபெரைட் காந்தம் செய்யப் போகிறது.

உண்மையில் நான் பேனா எடுத்தது கட்டுரையின் கடைசிப் பத்திக்காக. சின்ன வேலைகளுக்கு வீட்டிலேயே செய்துகொள்ளலாம், ஆசிட்டில் தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்யுங்கள் என்று இருக்கிறது. ஐயா, அது தலைகீழ். தண்ணீரை முதலில் எடுத்துக்கொண்டு, ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் விட வேண்டும். மாற்றிச் செய்தால், முக்கியமாக சல்ஃப்யூரிக்கில், ஒரு நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். என் இடது முழங்கையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது, வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்துச் சம்பாத்தியம். இதற்கு மட்டுமாவது அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பிக்கிளிங் பிரிவு மேற்பார்வையாளர்