உங்கள் டாங்கி ஏன் எங்களிடம் இரண்டு மாதம் இருக்கிறது

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழைய ரிமோட் டாங்கிகளைப் புதுப்பிக்கும் எங்கள் டர்பன் சாட்ஸ்வொர்த் கடையிலிருந்து நானும் என் தம்பியும் எழுதுகிறோம். இதையே ஆங்கிலத்தில் எழுதி மேசைமேல் வைத்திருந்தோம். வீட்டுப் பெரியவர்கள் சிலர் தமிழிலும் வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களுக்காகவே இந்த மடல்.

பழைய ரிமோட் டாங்கியைத் துணியில் சுற்றிக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "பெயிண்ட் அடிக்கிற வேலைதானே தம்பி, அடுத்த சனிக்கிழமை கிடைக்குமா?" கிடைக்காது. ஆறு வாரம், சில சமயம் இரண்டு மாதம் ஆகும். அந்த நாட்களில் உங்கள் பொருளுக்கு என்ன நடக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பணம் உங்களுடையது, பொருளும் உங்களுடையது.

டாங்கி வந்ததும் முதலில் பேட்டரிப் பெட்டியைத் திறப்போம். பத்து வருடம் பரணில் கிடந்ததில் பேட்டரி கசிந்திருக்கத்தான் செய்யும். ஆல்கலைன் பேட்டரியாக இருந்தால் கசிவது காரம். தகட்டின்மேல் வெள்ளை உப்புப் பூத்ததுபோலத் தெரியும். வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் நுரைத்துக்கொண்டு கரைந்துவிடும். அப்புறம் ஈரத்துணி, அப்புறம் ஸ்பிரிட், அப்புறம் நன்றாகக் காயவிட வேண்டும். தகடு மட்டும் கெட்டிருந்தால் கவலையில்லை. எங்களைப் பயமுறுத்துவது வயர்தான். காரம் வயரின் தோலுக்கு உள்ளேயே ஊர்ந்து போய்ச் செம்பைக் கறுப்பாக்கிவிடும். வெளியே சிவப்பு வயர் புதிதுபோல இருக்கும், நுனியைச் சீவிப் பார்த்தால் உள்ளே கரிக்கட்டை. அதன்மேல் ஈயம் ஒட்டாது. அப்படிப்பட்ட வயரைத் துடைத்துப் பயனில்லை என்பதால் முழுவதையும் மாற்றிவிடுவோம். எனவே தயவுசெய்து ஓடுகிறதா என்று பார்க்க வீட்டிலேயே புதுப் பேட்டரி போட்டுவிடாதீர்கள். பாதி அரித்த வயரில் மின்சாரம் பாய்ந்தால் நன்றாக இருந்த சர்க்யூட் போர்டும் கெட்டுவிடும்.

அடுத்தது டிராக், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வீட்டிலேயே தடுக்கக்கூடிய சேதம் இதுதான். பழைய டாங்கிகள் பலவற்றில் டிராக் மெத்தென்ற வினைலில் செய்திருப்பார்கள். வினைல் வளைவதற்காக அதில் ஓர் எண்ணெய்ப் பொருளைச் சேர்ப்பார்கள். வருடக்கணக்கில் சக்கரத்தோடு ஒட்டியே கிடந்தால் அந்த எண்ணெய் மெல்ல வெளியேறி, சக்கரத்தின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். டிராக்கைக் கழற்றினால் சக்கரத்தில் பல்லால் கடித்த மாதிரி பள்ளம் இருக்கும். எண்ணெயை இழந்த டிராக்கோ காய்ந்த அப்பளம்போல நொறுங்கும். வெந்நீரில் போட்டால் இளகும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். இளகும், ஆனால் ஆறியதும் பழையபடி இறுகிவிடும். போன எண்ணெய் திரும்பாது. ஓடுகிற டாங்கி வேண்டுமென்றால் புது டிராக் தருவிப்போம். அது கப்பலிலோ விமானத்திலோ வந்து சேரும் நாள் எங்கள் கையில் இல்லை. உங்கள் வீட்டில் இன்னும் நல்ல நிலையில் ஒரு டாங்கி இருந்தால், இன்றைக்கே அதன் அடியில் ஒரு கட்டை வைத்துச் சக்கரத்தைத் தூக்கிவிடுங்கள். டிராக்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே பட்டர் பேப்பரைச் செருகுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

கியர்பாக்ஸில் பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். பாரஃபினில் (மண்ணெண்ணெயில்) ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுப்போம். அப்போதுதான் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் முடிபோன்ற விரிசல் கண்ணுக்குத் தெரியும், பெரும்பாலும் அச்சைப் பிடித்திருக்கும் இடத்தில். அதைப் பசை போட்டு ஒட்டமாட்டோம், மாற்றிவிடுவோம். மோட்டார்களைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு மோட்டார் உள்ள வண்டியில் ஒவ்வொன்றும் ஒரு பக்கத்து டிராக்கை இழுக்கும். ஒன்று தளர்ந்தால் வண்டி நேராகப் போகாது, அந்தப் பக்கமாகவே ஒதுங்கும். ஒன்றை மட்டும் புதிதாக்கினாலும் இதே கோளாறு வரும். அதனால்தான் பில்லில் எப்போதும் ஜோடி மோட்டார் என்று போடுகிறோம்.

ரேடியோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய 27 மெகாஹெர்ட்ஸ் செட்டில் ரிமோட்டுக்கு ஒரு கிரிஸ்டல் (அலைவரிசையைத் தீர்மானிக்கும் சின்னத் துண்டு), வண்டிக்கு ஒரு கிரிஸ்டல். வண்டியில் இருப்பது 455 கிலோஹெர்ட்ஸ் குறைவாக இருக்கும். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டு "ரேடியோ செத்துப்போச்சு" என்று கொண்டுவந்தவர்கள் உண்டு. கிரிஸ்டலை மாற்றிக்கொடுத்துப் பணம் வாங்காமல் அனுப்பியிருக்கிறோம். தினமும் ஓட்டப்போகிறவர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் செட் போட்டுத் தருகிறோம். கழற்றிய பழைய போர்டை ஒரு பையில் போட்டு உங்களிடமே கொடுத்துவிடுவோம்.

இனி பெயிண்ட். இதைச் சொல்வதற்கு முன் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

கடை தொடங்கிய புதிதில் ஓர் அம்மா, காலமான தன் கணவரின் ஷெர்மன் என்ற அமெரிக்க வகை டாங்கியைக் கொண்டுவந்தார். வீட்டுக் கதவுக்கு அடிக்கிற பச்சை எனாமலைத் தூரிகையால் தடிமனாகப் பூசியிருந்தது. பேரனுக்காகப் புதிதுபோல ஆக்கித் தரச் சொன்னார். நாங்கள் ஆர்வத்தோடு எல்லாப் பெயிண்ட்டையும் உரித்து, அழகாக அடித்துக் கொடுத்தோம். அவர் கையில் வாங்கி, பக்கவாட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இங்கே ஒரு நம்பர் இருந்ததே தம்பி?" என்றார். இருந்தது. கோணலாக, வெள்ளையில், மூன்று இலக்கம். ஏதோ பிள்ளை விளையாட்டாக எழுதியது என்று நினைத்தோம். அது மேகசின் பேரக்ஸில் அவர்கள் குடியிருந்த வீட்டின் எண். நகராட்சியில் வேலைசெய்த தமிழ்க் குடும்பங்களை 1960களில் அங்கிருந்து கிளப்பி இங்கே சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியது உங்களில் பலருக்குத் தெரியும். அந்த மனிதர் பிறந்த வீடு இன்று இல்லை. எண்ணை மட்டும் தன் டாங்கியில் எழுதி வைத்திருந்தார். அதை நாங்கள் ஒரு வாளித் தண்ணீரில் கழுவி ஊற்றிவிட்டோம். அந்த அம்மா கோபப்படவில்லை. நன்றி சொல்லிப் பணத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். எங்களுக்கு அது இன்னும் ஆறவில்லை.

அன்றிலிருந்து நாங்கள் மாற்றாமல் வைத்திருக்கும் வழக்கம் இது. உரிப்பதற்கு முன் ஆறு பக்கமும், அடிப்பகுதியும் சேர்த்து, படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவோம். எழுத்து, எண், கீறல், ஒட்டிய படம் எதுவானாலும் "இது யார் செய்தது?" என்று கேட்போம். நீங்கள் பதில் சொல்லும்வரை வாளியைத் தொடமாட்டோம். பதில் வர மூன்று வாரம் ஆனால் மூன்று வாரம் காத்திருப்போம். வேண்டிய இடத்தைச் சுற்றி டேப் ஒட்டிக் காப்பாற்றிவிட்டு மற்ற இடத்தை மட்டும் அடிக்கவும் முடியும். புதுப் பெயிண்ட்டுக்கு நடுவில் பழைய திட்டு தெரியத்தான் செய்யும். அதை விரும்பிக் கேட்கிறவர்கள்தான் இப்போது அதிகம்.

சரி, உரிக்கவே வேண்டும் என்று முடிவானால் எப்படி உரிக்கிறோம்? அக்ரிலிக் பெயிண்ட் என்றால் ஸ்பிரிட்டில் ஊறவைத்தாலே தோல்போல வந்துவிடும். வீட்டு எனாமலுக்குக் காஸ்டிக் சோடா கலந்த தண்ணீர். அது பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது, ஆனால் அலுமினியத்தைத் தின்றுவிடும். எனவே உலோகப் பாகங்களை ஒன்றுவிடாமல் முதலில் கழற்றிவிடுவோம். தின்னர், அசிட்டோன் பக்கமே போகமாட்டோம், அவை உடம்புப் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். வீட்டில் நீங்களே செய்ய நினைத்தால் ஒன்று மட்டும் கேளுங்கள். பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. காய்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், தண்ணீர் விட்டுத் தேயுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

தடிமனான பெயிண்ட் ஏன் கூடாது என்று ஒரு கணக்கு. இந்த டாங்கிகள் பெரும்பாலும் பதினாறில் ஒரு பங்கு அளவு. உண்மை ஷெர்மன் சுமார் 5.84 மீட்டர் நீளம், நம் மேசையில் அது முப்பத்தாறரை சென்டிமீட்டர். அதில் 0.1 மில்லிமீட்டர் தடிமனில் பெயிண்ட் ஏறினால் உண்மை வண்டியில் 1.6 மில்லிமீட்டர் அப்பியதற்குச் சமம். ரிவெட், பற்றவைத்த தழும்பு, மூடியின் விளிம்பு எல்லாம் அதில் மூழ்கிப்போகும். அதனால்தான் பெயிண்ட்டைக் காற்றோடு தெளிக்கும் ஏர்பிரஷ்ஷில் மெல்லிய படலமாக, ஒன்று காய்ந்தபின் அடுத்ததாக அடிக்கிறோம்.

என்ன நிறம் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நாங்கள் தெரிந்ததைச் சொல்வோம். டைகர் என்ற ஜெர்மன் டாங்கி கேட்கிறவர்கள் பெரும்பாலும் மஞ்சள் கேட்கிறார்கள். ஜெர்மானியர்கள் அடர்மஞ்சளை அடிப்படை நிறமாக்கியது 1943 பிப்ரவரியில், அதற்கு முன் அடர்சாம்பல். உடம்பெல்லாம் வரிவரியாகச் சிமெரிட் பூச்சு (காந்த வெடி ஒட்டாமலிருக்கப் பூசியது) உள்ள டைகருக்குச் சாம்பல் பொருந்தாது, ஏனென்றால் அந்தப் பூச்சே 1943 பிற்பகுதியில்தான் வந்தது. ஷெர்மன் என்றால் எந்தப் போர்க்களம் என்று கேட்போம். அது முதலில் சண்டைக்கு இறங்கியது 1942 அக்டோபரில், எகிப்தின் எல் அலமெயினில். பாலைவன நிறம் அதற்குச் சரி. நம் தென்னாப்பிரிக்காவின் 6ஆம் கவசப் படைப்பிரிவு 1944இல் இத்தாலியில் ஓட்டியதைப்போல வேண்டுமென்றால் ஆலிவ் பச்சை.

போன வருடம் ஒரு வாடிக்கையாளர் ஷெர்மனோடு தன் தாத்தாவின் படத்தையும் கொண்டுவந்தார். தாத்தா இரண்டாம் உலகப் போரில் இந்திய மலாய்ப் படையில் லாரி ஓட்டுநர். நம்மவர்கள் கையில் அன்றைய அரசு துப்பாக்கி கொடுக்கவில்லை. ஓட்டவும் சுமக்கவும் மட்டுமே விட்டது. அவர் டாங்கி ஓட்டியவர் அல்ல, டாங்கிகள் போன பாதையில் சாமான் ஏற்றிப் போனவர். எனவே அந்த ஷெர்மனைப் பளபளவென்று விடாமல், லாரி வரிசையின் புழுதி அப்பியதுபோலக் கீழ்ப்பாதி முழுக்க மண்நிறப் பொடி தூவிக் கொடுத்தோம். தம்பி இதுவரை செய்ததில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான்.

கடைசியாக, டர்பன் வெயிலும் மழையும். டிசம்பர் முதல் மார்ச் வரை இங்கே காற்றில் எவ்வளவு ஈரம் என்று உங்களுக்கே தெரியும். ஸ்ப்ரே பெயிண்ட்டின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது அந்த இடம் குளிரும். குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிந்து பெயிண்ட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். பச்சை டாங்கியில் பால் தெளித்ததுபோல வெளிறும். அப்புறம் திரும்பத் தேய்த்து, திரும்ப அடிக்க வேண்டும். எனவே அறையில் ஈரமானி 65 சதவீதத்தைத் தாண்டினால் அன்றைக்கு ஏர்பிரஷ்ஷை எடுக்கமாட்டோம். தீபாவளிக்குப் பரிசாகக் கொடுக்க வேண்டும் என்று புரட்டாசியில் கொண்டுவருகிறீர்கள். மழை தொடங்குகிற நேரம் அது. பெயிண்ட் வேலைக்கு இங்கே நல்ல மாதம் ஆனியும் ஆடியும்தான். ஊரில் ஆடி என்றால் வேறு நினைவு வரும், நமக்கோ அது குளிர்காலம், காற்று காய்ந்திருக்கும். மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றுகிற அந்த வாரங்களில் எங்கள் பின்னறையில் பத்துப் பன்னிரண்டு டாங்கி வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். தீபாவளிக்கு வேண்டுமென்றால் ஆனி பிறந்ததும் கொண்டுவாருங்கள்.

வரும்போது பேட்டரியைக் கழற்றிவிட்டு வாருங்கள். உடைந்த துண்டு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஒரு தீப்பெட்டியில் போட்டு எடுத்து வாருங்கள். ஒரு கைப்பிடியைப் புதிதாகச் செதுக்க எனக்கு அரைநாள் ஆகும், உடைந்தது இருந்தால் பத்து நிமிடத்தில் ஒட்டிவிடுவேன். பழைய பெட்டி, குறிப்புத்தாள் இருந்தால் அதையும். பிரித்துப் பார்த்துச் சொல்வதற்கு 350 ராண்ட். வேலையை எங்களிடமே கொடுத்தால் அதைப் பில்லில் கழித்துவிடுவோம். செலவு பொருளின் விலையைவிட அதிகமாகும் என்று தெரிந்தால் முதலிலேயே சொல்லிவிடுவோம். சொன்ன பிறகும் செய்யுங்கள் என்பவர்கள் உண்டு, ஏன் என்று நாங்கள் கேட்பதில்லை.

இப்போது எங்களிடம் இருக்கும் டாங்கிகளில் நான்குக்கு உங்கள் பதில் வரவில்லை. படம் அனுப்பியிருக்கிறோம். ஒன்றில் டரட்டின் (பீரங்கி உள்ள மேல்கூண்டின்) உட்பக்கம் பென்சிலால் ஒரு பெயர் எழுதியிருக்கிறது. அது உங்களுடையதாக இருந்தால் ஒரு முறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அதுவரை அது அலமாரியில் பத்திரமாக இருக்கும்.

அன்புடன்,
கடையிலிருந்து அண்ணனும் தம்பியும்
சாட்ஸ்வொர்த், டர்பன்