வெங்காய வேரும் ஒரு பழைய பாடமும்

அன்புள்ள மணிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கண்புரை எடுத்திருந்தேன், சோம்பல் என்று நினைத்துவிடாதே. இப்போது நாட்காட்டியின் பொடி எழுத்துகூடத் தெரிகிறது.

பேத்தி செல் பிரிதல் படிக்கிறாள் என்று எழுதியிருந்தாய். எனக்கு நம் கல்லூரி ஆய்வகம்தான் நினைவுக்கு வந்தது. வெங்காய வேர் நுனியை அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயத்தில் ஊறவைத்து, லேசாகச் சூடு காட்டி, கட்டை விரலால் நசுக்குவோமே! நீ நசுக்கினால் கண்ணாடியும் சேர்ந்து உடையும். செல்லுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் இழைகளான 16 குரோமோசோமையும் எண்ணிக் காட்டச் சொல்வார்கள்; எனக்கு ஒரு நாளும் 16 வந்ததில்லை.

அன்று நாம் உருப்போட்ட ஒரு பாடம் தவறு என்று இப்போதுதான் படித்தேன். ஊட்டம் கொடுத்துக்கொண்டே இருந்தால் செல்லுக்குச் சாவில்லை என்று குறிப்பேட்டில் எழுதினோம், நினைவிருக்கிறதா? கோழிக்கருவின் இதயத்திலிருந்து எடுத்த செல்களை அலெக்சிஸ் கேரல் 1912இல் நியூயார்க்கில் வளர்க்கத் தொடங்கினார். அவர் 1944இல் இறந்தார். செல் வளர்ப்போ 1946 வரை நடந்தது. நோபல் பரிசு பெற்றவர் சொன்னதை யார் மறுப்பது? மற்றவர்களின் செல்கள் செத்தபோது தங்கள் கைப்பக்குவத்தைத்தான் நொந்துகொண்டார்கள். கேரல் ஊட்டமாக ஊற்றிய கோழிக்கருச் சாற்றோடு புதிய செல்களும் உள்ளே போயிருக்கலாம் என்று பிறகு சொன்னார்கள்.

1961இல் ஃபிலடெல்ஃபியாவில் லியோனார்ட் ஹேஃப்லிக்கும் பால் மூர்ஹெட்டும் மனிதக் கருவின் செல்கள் சுமார் 50 முறை பிரிந்தபின் நின்றுவிடுவதைக் காட்டினார்கள். செல்கள் வளரும் கரைசலில் கோளாறு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே! அதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். பலமுறை பிரிந்து முதிர்ந்த ஆண்கருவின் செல்களையும் அவ்வளவு பிரியாத பெண்கருவின் செல்களையும் ஒரே குடுவையில் கலந்து வளர்த்தார்கள். கடைசியில் பெண்கருவின் செல்கள் மட்டுமே மிஞ்சின. ஒரே சோறு, ஒரே வீடு. ஆனால் கணக்கு அவரவர் உள்ளே. உறையவைத்து எடுத்தாலும் விட்ட எண்ணிலிருந்தே தொடர்கின்றனவாம்! எனக்கு இதுதான் பெரிய வியப்பு.

அந்தக் கணக்கு இருப்பது குரோமோசோமின் நுனியில்தானாம். சீவச் சீவப் பென்சில் குறைவதுபோல, ஒவ்வொரு பிரிவிலும் குரோமோசோமின் நுனி, டெலோமியர், தேய்கிறது. புற்றுநோய்ச் செல்களில் பெரும்பாலானவை டெலோமெரேஸ் என்ற நொதியால் அந்த நுனியை மறுபடி நீட்டிக்கொண்டு, நிற்காமல் பெருகுகின்றன.

பேத்தியிடம் சொல்: பல்லாரி வெங்காயத்தின் அடிப்பகுதி மட்டும் தண்ணீரைத் தொட வேண்டும். முழுவதும் மூழ்கினால் அழுகிவிடும். நுனியைக் காலையில் வெட்டட்டும். கண்ணாடியை நசுக்கும் வேலையை மட்டும் உன்னிடம் கொடுக்க வேண்டாம்.

உன்,
பழைய ஆய்வக மேசைக்காரன்