ஐந்து கிலோவும் ஓர் எழுத்தும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரேஷன் கடையில் எடை குறைவு, விற்பனையாளர் அரிசியை அமுக்குகிறார் என்று மாதம் ஒரு கடிதமாவது இந்தப் பகுதியில் வந்துவிடுகிறது. அவற்றில் பாதி உண்மை. தராசுக்குப் பின்னால் முப்பத்து மூன்று ஆண்டுகள் நின்றவன் சொல்கிறேன், நம்பலாம். மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதில் திருடன் யாரும் கிடையாது. அரிசி மட்டும் குறையும்.

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் நியாயவிலைக் கடையில் 1988இல் எடையாளராகச் சேர்ந்தேன். பிறகு விற்பனையாளராகி 2021இல் ஓய்வு பெற்றேன். சுற்றிலும் நெல் விளைகிற ஊர். நட்டு, களை பறித்து, அறுத்துக் கொடுத்தவர்களே மாதம் பிறந்தால் பையோடு என் கடை வாசலில் நின்றார்கள். கிலோ மூன்றரை ரூபாய்க்கு அரிசி போட்டிருக்கிறேன். 2006இல் அது இரண்டு ரூபாய் ஆனது, 2008இல் ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் விலையே இல்லை. விலை போனதில் எனக்கு ஒரு நிம்மதி, சில்லறைத் தகராறு ஒழிந்தது. அளவுத் தகராறு ஒழியவில்லை.

எங்கள் தெருவில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பங்கள். அப்பா கட்டிய ஓட்டு வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டவர்கள். இரு வீட்டிலும் கூலி வேலைதான், நிலம் ஒரு குழி கூடக் கிடையாது. அண்ணன் வீட்டில் ஐந்து பேர், தம்பி வீட்டிலும் ஐந்து பேர். அண்ணன் வீட்டுக்கு 25 கிலோ அரிசி வருகிறது. தம்பி வீட்டுக்கு 20 கிலோதான். தம்பியின் மனைவி இதற்காகக் கடையில் இருக்கும் பெண்ணோடு மாதாமாதம் சண்டை போட்டிருக்கிறார். அந்தப் பெண் பி.காம். படித்தவர், வேலைக்கு வந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. "மெஷினில் இவ்வளவுதான் காட்டுகிறது அக்கா" என்பதைத் தவிர அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை. மெஷின் ஏன் அப்படிக் காட்டுகிறது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவும் மாட்டார்கள்.

கடைசியில் தம்பியின் மனைவி என்னிடம் வந்தார். "பெரியப்பா, நீங்கள் கடையில் இருந்தவர். என் அஞ்சு கிலோவை யார் எடுக்கிறார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்" என்றார். இரண்டு வீட்டு அட்டைகளையும் கொண்டு வரச் சொன்னேன். திண்ணையில் அருகருகே வைத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இரண்டும் ஏ.டி.எம். அட்டை அளவுதான். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் அட்டையின் வகை அச்சாகியிருக்கிறது. அண்ணன் வீட்டு அட்டையில் பி.ஹெச்.ஹெச்., அதாவது முன்னுரிமைக் குடும்பம். தம்பி வீட்டு அட்டையில் அதற்கு முன்னால் ஓர் 'என்' சேர்ந்திருந்தது, அதாவது முன்னுரிமையற்ற குடும்பம். ஐந்து கிலோவை எடுத்தது அந்த எழுத்துத்தான். அதுவும் ஆங்கில எழுத்து. அந்த அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர்; தன் அட்டையில் அப்படி ஒன்று இருப்பதையே அன்றுதான் பார்த்தார்.

கணக்கு இதுதான். ஆரம்ப நாளில் நாங்கள் யூனிட் என்று சொல்வோம். பெரியவருக்கு ஒரு யூனிட், குழந்தைக்கு அரை. ஒரு யூனிட்டுக்கு 12 கிலோ, ஒன்றரைக்கு 14, இரண்டுக்கு 16, இரண்டரைக்கு 18, மூன்றும் அதற்கு மேலும் 20. வாய்ப்பாடு மாதிரி இது எனக்கு மனப்பாடம். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பிறகு 2013இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தமிழ்நாடு 2016 நவம்பர் 1 முதல் அதை நடைமுறைப்படுத்தியது. அந்தச் சட்டம் முன்னுரிமைக் குடும்பங்களுக்குத் தலைக்கு ஐந்து கிலோ என்கிறது. மிகவும் வறிய குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் 35 கிலோ. பல மாநிலங்களில் முன்னுரிமைப் பட்டியலில் தனியாக இருக்கும் ஒருவருக்கு ஐந்து கிலோவோடு முடிந்தது. நம் மாநிலம் பழைய வாய்ப்பாட்டையும் விட்டுவிடவில்லை. தனி ஆளுக்கு இங்கே இன்றும் 12 கிலோ. தனி அட்டை என்றால் பெரும்பாலும் ஒரு கிழவியாக இருப்பார் என்று தெரிந்த யாரோ போட்ட கணக்கு அது. இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

ஆனால் வாய்ப்பாடு 20இல் நின்றுவிடுகிறது. வீட்டில் நான்கு பேர் வரை 'என்' இருந்தாலும் இல்லாவிட்டாலும் அரிசியில் வேறுபாடு தெரியாது. ஐந்தாவது ஆள் வந்த பிறகுதான் அந்த எழுத்து வேலையைக் காட்டும். முன்னுரிமை அட்டையில் ஐந்து பேருக்கு 25, ஆறு பேருக்கு 30 என்று ஏறிக்கொண்டே போகும். 'என்' அட்டையில் ஆறு பேரானாலும் எட்டுப் பேரானாலும் அதே 20. அதாவது வீடு பெரியதாக ஆக, அடியும் பெரியதாகிறது. (சீனி விஷயத்தில் இரண்டு அட்டையும் ஒன்றுதான்: தலைக்கு அரை கிலோ, இரண்டு கிலோவுக்கு மேல் இல்லை. ஐந்தாவது ஆள் கசப்பாகத்தான் காபி குடிக்க வேண்டும்.)

யாருக்கு எந்த எழுத்து என்பதை எப்படி முடிவு செய்தார்கள்? சட்டப்படி தமிழ்நாட்டுக் கிராமங்களில் 62.55 சதவீதம் பேரும் நகரங்களில் 37.79 சதவீதம் பேரும்தான், அந்தியோதயாவையும் சேர்த்து, முன்னுரிமைக்குள் வருவார்கள். தலைக்கணக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துப் போட்டது. அந்த அரிசியை மத்திய அரசு கொடுக்கிறது, 2023 ஜனவரி முதல் விலையில்லாமல். 'என்' அட்டைகளுக்கான அரிசியை மாநில அரசு தன் பணத்தில் வாங்கித் தருகிறது. இவ்வளவும் நியாயமான ஏற்பாடாகவே இருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் எந்த வீட்டு வாசலிலும் யாரும் வந்து நின்று, உனக்கு நிலம் உண்டா, எத்தனை நாள் வேலை கிடைக்கிறது என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஒருநாள் இயந்திரம் வந்தது; அதற்குள்ளேயே பட்டியலும் வந்துவிட்டது. அண்ணன் கையில் இருந்தது அப்பா காலத்து அட்டை. தம்பி அதற்குப் பிறகு தனிக்குடித்தனம் போய்ப் புது அட்டை வாங்கினார். நான் பார்த்தவரை புது அட்டைகள் பெரும்பாலும் 'என்' எழுத்தோடுதான் வந்தன. சுவர் வைத்ததற்கு அபராதம் மாதம் ஐந்து கிலோ.

இதே ஊரில் சொந்தமாக டிராக்டர் வைத்திருக்கும் ஒரு வீட்டில் முன்னுரிமை அட்டை இருக்கிறது. அந்த அரிசியைக் கோழிக்குப் போடுகிறார்கள். அவர் எனக்குச் சம்பந்தி வழி உறவு என்பதால் இதற்கு மேல் எழுதவில்லை.

எடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் பங்கை மறைத்ததாகிவிடும். கிடங்கிலிருந்து 50 கிலோ என்று இறங்கும் மூட்டை என் காலத்தில் 50 கிலோ இருந்த நாள் குறைவு. சாக்கின் எடை அரை கிலோவுக்கு மேல். கொக்கி போட்டுத் தூக்கும்போது ஒழுகுவது ஒரு பக்கம், எலி தின்பது ஒரு பக்கம். மாதக் கடைசியில் தணிக்கைக்கு வருகிறவர் இதையெல்லாம் கேட்கமாட்டார். குறைந்தால் அபராதம், அதுவும் என் சம்பளத்தில். அதனால் இருபது கிலோ போடும்போது இருநூறு கிராம் கையை இறுக்கியிருக்கிறேன். தராசுத் தட்டில் அரிசி விழுகிற வேகத்திலேயே முள்ளை ஒரு நொடி தாழச் செய்து, அது திரும்பி ஏறுவதற்குள் பையில் கவிழ்ப்பது ஒரு வித்தை. எனக்கு அது நன்றாக வரும். இப்போது தராசையும் பில் இயந்திரத்தையும் இணைக்கிறார்கள் என்று படித்தேன். நல்லது. ஆனால் எங்களைப் போன்றவர்கள் செய்த இந்த வேலையால்தான், கடைப் பெண் இன்று உண்மையைச் சொன்னாலும் ஒருவரும் நம்புவதில்லை.

தெரியாமல் குறைவது ஒரு வகை என்றால், தெரிந்து பயப்படுவது இன்னொரு வகை. கணவனும் மனைவியுமாக 16 கிலோ வாங்கிய வீட்டில் கணவர் இறந்து பெயரை நீக்கினால் 12 ஆகிவிடும். நாலு கிலோவுக்காக ஆறேழு மாதம் இறப்புச் சான்றிதழைப் பெட்டிக்குள் வைத்திருந்த ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். பெயரை நீக்கினால் அட்டையே போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். போகாது, 12 கிலோ உங்களுக்கு என்றைக்கும் உண்டு என்று நான் சொன்ன அன்றே, பேரனைக் கூட்டிக்கொண்டு போய் நீக்கிவிட்டார்.

2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் எங்கள் தெருவுக்கும் வண்டி வருகிறது. தராசும் கைரேகை இயந்திரமும் அதிலேயே வந்துவிடுகின்றன. எழுபது கடந்தவர்கள் வாசலிலேயே பொருள் வாங்குவதைப் பார்க்கச் சந்தோஷம்தான். பொருளை வீட்டு வாசலுக்குக் கொண்டு வர முடிந்தவர்களுக்குக் கணக்கைக் கொண்டு வருவது பெரிய காரியமா? பொருள் வாங்கியதும் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தி, என்ன எடுத்தோம் என்றுதான் சொல்கிறது. நமக்கு எவ்வளவு சேர வேண்டும் என்பதை இணையத்தில் பார்க்கலாம் என்கிறார்கள். பட்டன் போனில் எங்கே பார்ப்பது? பில்லின் முதல் வரியில், தமிழில், "உங்கள் வீட்டில் 5 பேர், முன்னுரிமையற்ற அட்டை, மாதம் 20 கிலோ அரிசி" என்று அச்சடித்தால் போதும். கடைச் சுவரில் இருப்பும் விலையும் எழுதுகிற பலகைக்குப் பக்கத்தில் அந்த 12, 14, 16 வாய்ப்பாட்டையும், ஐந்தாவது ஆளுக்கு என்ன என்பதையும் எழுதிவைக்கலாம். பெயிண்ட் செலவு நூறு ரூபாய் ஆகாது. கடைப் பெண்ணுக்கும் வசவு மிச்சம்.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, தகுதியான குடும்பங்களின் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்கிறது. அதை கிராம சபையில் உரக்கப் படித்தால் என்ன? ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று சபை கூடத்தான் செய்கிறது. யார் வீட்டில் கோழி அரிசி தின்கிறது, யார் வீட்டில் அரிசி இருபதாம் தேதியே தீர்ந்துவிடுகிறது என்பது ஊருக்குத் தெரியும். இயந்திரத்துக்குத்தான் தெரியாது. என் சம்பந்தி வழி உறவுக்காரர் அன்று சபைக்கு வரமாட்டார், அவ்வளவுதான்.

நானும் தம்பியின் மனைவியும் வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போனோம். எந்த ஊர் என்று எழுத விரும்பவில்லை. அங்கே இருந்தவர் மரியாதையாகவே பேசினார். வகையை மாற்ற இப்போதைக்கு இடமில்லை, மனு கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். மனுவில் காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். "அண்ணன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர்" என்று எழுதச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே எழுதினார். பிறகு அதைக் கேலி என்று நினைத்துவிடுவார்களோ என்று அடித்துவிட்டு, நிலமற்ற விவசாயக் கூலி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மனு கொடுத்ததற்கான ரசீது என் டைரியில் இருக்கிறது. அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை குறைதீர் முகாம். இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நியாயவிலைக் கடை விற்பனையாளர்,
திருவாரூர் மாவட்டம்.