நெஞ்சு நோவுக்கும் நாகரிகமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு வாரமலரின் ஆங்கிலப் பாடத்தைப் படித்தேன். டொக்டரிடம் 'பெயின்' என்பது கொச்சையாம், 'டிஸ்கம்போர்ட்' என்பதே பண்பாம், பின்தங்கிய பிரதேசத்தவர் இதைக் கவனிக்க வேண்டுமாம். பண்பு கற்றுத்தந்தமைக்கு நன்றி.

சென்ற வருடம் ஓர் இரவு என் மனைவிக்கு நெஞ்சு இறுகி, இடது கை விறைத்து, வியர்த்துக் கொட்டியது. ஆஸ்பத்திரியில் கடமையில் இருந்த டொக்டருக்குத் தமிழ் வராது, எனக்குச் சிங்களம் வராது. 'செஸ்ட் டைட், லெப்ட் ஆம், சுவெட்டிங்' என்றேன். அது ஒரு வசனமே இல்லை. ஆனாலும் உடனே ஈசீஜி எடுத்தார்கள். உங்கள் பாடத்தின்படி 'எ லிட்டில் டிஸ்கம்போர்ட்' என்றிருந்தால் இரண்டு பனடோலோடு வாங்கில் இருத்தியிருப்பார்கள். நெஞ்சு இறுகுவதும் எரிவதும் குத்துவதும் வைத்தியருக்கு வேறு வேறு சங்கதிகள். அவற்றைச் சொல்லித்தர உங்களுக்கு இடமில்லை. விமானத்தில் ஜன்னலோர ஆசனம் கேட்பதற்கு மட்டும் அரைப்பக்கம் இருந்தது.

நான் தபால் கந்தோரில் வேலை பார்த்தவன். தந்திக்குச் சொற்கணக்கில் காசு. 'பாதர் சீரியஸ் கம் இமீடியட்லி' என்று எழுத்தறியாத, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிழவிகளே சொல்லி எழுதுவித்தார்கள். அதில் 'பிளீஸ்' இல்லையென்று கோபித்து எந்தப் பிள்ளையும் வராமல் விட்டதில்லை.

அதென்ன பின்தங்கிய பிரதேசம்? மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்பில் பள்ளிக்கூடம் வைத்தது தாங்கள் அறியாததல்ல. எங்கள் கிழக்கின் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 'பிரபுத்த பாரத' என்ற ஆங்கில மாத இதழுக்கே ஆசிரியராக இருந்தவர். வெள்ளம் வந்தால் மட்டும் எங்களை முதற்பக்கத்தில் போடும் பத்திரிகைக்கு இதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது? போனமுறை வெள்ளத்தில் மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியைத் திருகோணமலை மாவட்டத்தில் கொண்டுபோய் வைத்தீர்கள். திருத்தம் கேட்டு எழுதினேன். திருத்தமும் வரவில்லை, கடிதமும் வரவில்லை.

1987இல் இலங்கை அரசியலமைப்புக்கு வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போனாலும், வங்கியில் படிவம் நிரப்பப் போனாலும் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் அது இருப்பதில்லை. அதனால்தான் இந்த இங்கிலீசைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், ஆசையில் அல்ல. அந்த அவசரத்தில் பண்பு பார்க்க எங்களுக்கு நேரம் கிடைப்பதில்லை என்பதைக் கொழும்பில் இருக்கும் கட்டுரையாளருக்குத் தயவுசெய்து அறியத்தரவும்.

ஆஸ்பத்திரி, வங்கி, பொலிஸ் இந்த மூன்றுக்கும் வேண்டிய சொற்களைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள், போதும். பின்பக்கத்தில் மரண அறிவித்தல் வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டி ஒட்டிவைக்கலாமென்று கத்தரிக்கோலை எடுத்தால் யாரோ ஒருவருடைய முகம் பாதியாகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர்,
களுவாஞ்சிகுடி.